ஐந்து பேர் சேர்ந்து ஒரு குறும்படம்: யார் டைரக்டர்?

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். குழுவாகச் சேர்ந்து ஒரு குறும்படம் எடுத்துக் கொடுக்க வேண்டும். எங்கள் குழுவில் ஐந்து பேர், கையில் மூன்று வாரம்தான் இருக்கிறது. கதை நான் எழுதியது. ஆனால் நல்ல கேமரா உள்ள போன் தன்னுடையது என்பதால் டைரக்ஷன் தனக்குத்தான் என்கிறான் ஒரு நண்பன். இன்னொருத்தி, எல்லாவற்றையும் ஓட்டெடுத்து முடிவு செய்யலாம் என்கிறாள். நான்காவது ஆள் நடிக்க மட்டும் வருவானாம். ஐந்தாவது ஆள் குரூப்பில் வரும் மெசேஜைப் பார்க்கிறான், பதில் போடுவதில்லை. படம் 8 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும்; ஸ்கிரிப்ட் 14 பக்கம் வந்திருக்கிறது. மதிப்பெண் எல்லோருக்கும் ஒன்றுதான். படமும் நன்றாக வர வேண்டும், நட்பும் போய்விடக் கூடாது. என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புத் தோழி, டைரக்டர் யார் என்பதற்கு முன்னால் ஸ்கிரிப்டைப் பார்த்துவிடுவோம். 14 பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு யார் டைரக்டர் ஆனாலும் மாட்டிக்கொள்ளத்தான் போகிறார்.

வழக்கமான திரைக்கதை வடிவத்தில் ஒரு பக்கம் எழுதினால் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம் ஓடும் என்பது சினிமாக்காரர்களின் கணக்கு. கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். விறுவிறுவென்று பேசிக்கொள்ளும் பக்கம் சீக்கிரம் முடிந்துவிடும். 'அவனைத் தேடி ஊரெல்லாம் அலைகிறாள்' என்ற ஒற்றை வரி திரையில் ஒரு நிமிடத்தை எடுத்துக்கொள்ளும், அதைப் படம்பிடிக்க ஒரு நாள் முழுக்க ஓடிவிடும். எப்படிப் பார்த்தாலும் உங்கள் 14 பக்கம் 8 நிமிடத்தில் அடங்காது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு எடிட்டிங்கில் குறைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து தலையாட்டாதீர்கள். தூக்கிப் போடப்போகும் பக்கங்களை எடுத்த களைப்பு, வைத்துக்கொள்ளப்போகும் காட்சிகளில் நடிப்பவர் முகத்திலும் தெரியும்.

ஏழு பக்கத்துக்குக் கொண்டு வாருங்கள். தொடக்க டைட்டிலும் கடைசியில் ஓடும் பெயர்களும் மீதி நேரத்தைப் பிடித்துக்கொள்ளும். எதை வெட்டுவது என்று தெரியாவிட்டால் கடைசிக் காட்சியிலிருந்து பின்னோக்கிப் படியுங்கள். அந்த முடிவு புரிய எது பார்வையாளருக்குத் தெரிந்திருக்க வேண்டுமோ அது மட்டும் இருக்கட்டும். மாணவர் படங்களில் பல அலாரம் அடித்து, நாயகன் எழுந்து, பல் துலக்கி, கண்ணாடி பார்த்துத்தான் தொடங்குகின்றன. உங்களுடையதிலும் அப்படி ஒரு காலைப்பொழுது இருந்தால் யோசிக்காமல் எடுத்துவிடலாம். அடுத்தது லொகேஷன். இடம் மாறுவதைப்போல நேரத்தை விழுங்கும் விஷயம் படப்பிடிப்பில் வேறு இல்லை: எல்லாவற்றையும் கட்டி, தூக்கிப் போய், வெளிச்சம் பார்த்து, மறுபடி பொருத்தியாக வேண்டும். இரண்டு இடம் போதும். ஒரே இடத்தில் முடியுமென்றால் இன்னும் நல்லது. வெட்டி முடித்த பிறகு, வசனத்தோடு செயல்களையும் சேர்த்து ஒருவர் நிதானமாக உரக்கப் படிக்க, இன்னொருவர் நேரம் பார்க்கட்டும். அதுதான் உங்கள் படத்தின் உண்மையான நீளம்.

சரி, இப்போது டைரக்டருக்கு வருவோம். போன் யாருடையதோ அவரே டைரக்டர் என்பது வாதமே இல்லை. அதே நேரம், கதை எழுதியவர் என்பதாலேயே நீங்கள்தான் என்றும் சொல்ல மாட்டேன். எழுதியவர்களுக்குத் தங்கள் வசனத்தின் மேல் ஒரு பாசம் உண்டு. ஸ்பாட்டில் அந்தப் பாசம் படத்துக்கு இடைஞ்சல். இப்படிச் செய்து பாருங்கள். ஸ்கிரிப்டிலிருந்து ஒரே ஒரு பக்கத்தை எடுத்து நீங்களும் அவரும் தனித்தனியாக ஷாட் ஷாட்டாகப் பிரித்து எழுதுங்கள். கேமரா எங்கே இருக்கிறது, யார் முகம் தெரிகிறது, எப்போது வெட்டுகிறோம், ஏன்? பிறகு மற்ற மூவருக்கும் விளக்குங்கள். 'ஏன்' என்ற கேள்விக்கு யாரிடம் பதில் இருக்கிறதோ அவர்தான் டைரக்டர். 'பார்க்க சூப்பராக இருக்கும்' என்ற பதிலுக்கு மேல் போகாதவருக்குக் கேமரா பொருத்தமாக இருக்கும், அவருக்கும் அது பிடிக்கும். நீங்கள் டைரக்டர் ஆகாமல் போனால், ஸ்பாட்டில் வசனத்தை மாற்றுவதற்கு முன் உங்களிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் தலையிடாதீர்கள்.

ஓட்டெடுப்பு விஷயம். கதையைத் தேர்ந்தெடுக்கும்போது, ஸ்கிரிப்டை வெட்டும்போது தாராளமாக ஓட்டெடுங்கள். படப்பிடிப்பு தொடங்கிய பிறகு கூடாது. யோசனை இருப்பவர் டேக்குகளுக்கு நடுவே (ஒரே ஷாட்டை எடுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு டேக்) டைரக்டர் காதில் சொல்லட்டும், நடிப்பவரிடம் நேரே சொல்லக் கூடாது. இந்த ஒரு விதியை மட்டும் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினால்கூடத் தப்பில்லை. நாலு பேர் நாலு விதமாகச் சொன்னால் நடிப்பவருக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றுகூட மறந்துவிடும். எல்லாவற்றையும் முறைப்படி செய்ய ஆசைப்படும் உங்கள் தோழியை அசிஸ்டென்ட் டைரக்டர் ஆக்குங்கள். எந்தக் காட்சியை எத்தனை மணிக்கு எடுக்கிறோம், யார் எப்போது வர வேண்டும், எப்போது பேக்கப், அதாவது அன்றைய படப்பிடிப்பை முடிப்பது, என்பதெல்லாம் அவர் கையில். 'இன்னும் ஒன் மோர் போகலாம்' என்று டைரக்டர் ஐந்தாவது முறை கேட்கும்போது கடிகாரத்தைக் காட்டும் தைரியம் அவருக்கு வேண்டும். புதிதாக எடுப்பவர்கள் ஒரு நாளில் மூன்று நான்கு பக்கம் முடித்தாலே நல்ல வேகம்தான். ஆகவே ஏழு பக்கத்துக்கு இரண்டு நாள் முழுசாக, ஏதாவது சொதப்பினால் சமாளிக்க இன்னொரு நாள்.

எடிட் செய்யப்போவது யார் என்று இப்போதே முடிவு செய்து அவரை ஸ்பாட்டில் கன்டினியூட்டி (ஷாட்டுக்கு ஷாட் எல்லாம் ஒத்துப்போகிறதா என்று) பார்க்க வையுங்கள். முந்தின ஷாட்டில் பை வலது தோளில் இருந்ததா, இடது தோளிலா என்பது தவறினால் பிற்பாடு அவதிப்படுவது அவர்தானே, கவனமாகப் பார்ப்பார். இரண்டு பேர் பேசும் காட்சியில் அவர்களுக்கு நடுவே ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொண்டு கேமராவை எப்போதும் அந்தக் கோட்டின் ஒரே பக்கத்தில் வைப்பது பழைய பாடம். கோட்டைத் தாண்டினால் இருவரும் ஒரே திசையைப் பார்த்துப் பேசுவது போலத் தோன்றும். அதையும் எடிட்டரே கவனிக்கட்டும்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. எனக்கு இதுதான் முக்கியம்: சவுண்ட். படம் கொஞ்சம் இருட்டாக இருந்தால் பார்ப்பவர்கள் மன்னித்துவிடுவார்கள். வசனம் கேட்காவிட்டால் இரண்டாவது நிமிடமே பக்கத்து ஆளிடம் பேசத் தொடங்கிவிடுவார்கள். எட்டடி தள்ளி நிற்கும் போனின் மைக்கில் வசனத்தைவிட அறையின் எதிரொலிதான் அதிகம் விழும். இன்னொரு போனை ரெக்கார்டராக்கி, ஒரு காலர் மைக் செருகி, நடிப்பவர் சட்டைப் பையில் வையுங்கள். காலர் மைக் கிடைக்காவிட்டால் ஃபிரேமில் தெரியாத இடத்தில், வாய்க்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் அந்தப் போனை ஒளித்து வைக்கலாம். ஒவ்வொரு டேக் தொடக்கத்திலும் காட்சி எண்ணையும் டேக் எண்ணையும் சொல்லிவிட்டு கேமரா முன்னால் பளிச்சென்று ஒரு முறை கைதட்டுங்கள். கை சேரும் ஃபிரேமையும் தட்டும் ஒலியையும் பொருத்தினால் படமும் சவுண்டும் சேர்ந்துவிடும். கிளாப் பலகை செய்வதும் இதைத்தான். எல்லாப் போனும் ஏரோபிளேன் மோடில் இருக்கட்டும். மின்விசிறியை நிறுத்துங்கள். ஃபிரிட்ஜை அணைத்தால் உங்கள் வண்டிச் சாவியை அதற்குள் போட்டுவையுங்கள். வீட்டுக்குக் கிளம்பும்போது மறுபடி போட மறக்க மாட்டீர்கள். (சினிமாவில் சவுண்ட் ஆட்கள் செய்யும் தந்திரம் இது.) பேக்கப் சொல்வதற்கு முன்னால் எல்லோரும் அசையாமல் நின்று அந்த அறையின் வெறும் ஒலியை ஒரு நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். வசனங்களுக்கு நடுவே வரும் ஓட்டைகளை அடைக்க எடிட்டருக்கு அது கட்டாயம் வேண்டும். இந்த வேலைக்கென்று ஓர் ஆள், காதில் ஹெட்போனோடு. எழுத்தாளர் என்ற முறையில் ஸ்பாட்டில் வேறு வேலை இல்லையென்றால் நீங்களே செய்யலாம். வசனத்தை உங்களைவிடக் கூர்ந்து கேட்பவர் யார்?

கேமராவைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. போனைப் படுக்கைவாட்டில் பிடியுங்கள், பின் கேமராவைப் பயன்படுத்துங்கள், ஜூம் செய்யாமல் நடந்து பக்கத்தில் போங்கள். ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் லாக் செய்யாவிட்டால் ஷாட்டுக்கு நடுவே வெளிச்சம் தானாக ஏறி இறங்கும். நொடிக்கு 24 ஃபிரேமோ 25 ஃபிரேமோ, ஒன்றை வைத்துக்கொண்டு கடைசிவரை மாற்றாதீர்கள்.

நடிக்க மட்டும் வருவேன் என்பவரை ஏற்றுக்கொள்ளுங்கள். நடிப்பும் வேலைதான், ஒத்திகைக்கும் வர வேண்டும் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். புதியவர்கள் பெரும்பாலும் அதிகமாக நடிப்பார்கள். சுமார் நூறு வருடத்துக்கு முன் ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்ற இயக்குநர் ஒரு நடிகரின் ஒரே முகத்தை வெவ்வேறு காட்சிகளுக்குப் பக்கத்தில் ஒட்டிக் காட்டியபோது, பார்த்தவர்கள் அந்த முகத்தில் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு உணர்ச்சியைக் கண்டார்கள் என்று சொல்வார்கள். முகம் மாறவே இல்லை. ஆகவே உங்கள் நடிகரை முகத்தைச் சும்மா வைத்திருக்கச் சொல்லுங்கள். அவர் எதைப் பார்க்கிறார் என்பதைத் தனி ஷாட்டாக எடுத்துக்கொள்ளுங்கள். அழுகையே வராத ஆளைக்கூட இப்படிக் காப்பாற்றிவிடலாம்.

பதில் போடாத அந்த ஐந்தாவது ஆளுக்கு நீங்கள் ஒருவர் மட்டும் போன் செய்யுங்கள். எல்லோர் முன்னாலும் குரூப்பில் கேட்டால் பதில் வராது. கதை பிடிக்கவில்லையோ, வீட்டில் ஏதாவது பிரச்சினையோ, சொல்லத் தெரியாமல் இருக்கலாம். தனியாக உட்கார்ந்து செய்யக்கூடிய, முடிக்கும் தேதி உள்ள வேலையைக் கொடுங்கள்: டைட்டில், சப்டைட்டில், பின்னணி இசை தேடுவது. படப்பிடிப்பை அவரை நம்பி வைக்க வேண்டாம். சினிமாப் பாட்டை எடுத்துப் போட்டால் இணையத்தில் ஏற்றும்போது காப்புரிமைச் சிக்கல் வரும் என்பதையும், கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் (படைத்தவரே மற்றவர் பயன்படுத்த அனுமதி தரும் உரிமம்) கிடைக்கும் இசைக்கும் நிபந்தனைகளைப் படித்துப் பெயர் போட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். சொன்ன தேதியிலும் வேலை வரவில்லை என்றால் உடனே ஆசிரியரிடம் பேசுங்கள். மதிப்பெண் வந்த பிறகு போய்ச் சொன்னால் அது புகாராகத்தான் தெரியும். யார் எந்த நாளில் என்ன செய்தார்கள் என்று அசிஸ்டென்ட் டைரக்டர் ஒரு பக்கத்தில் குறித்துக்கொண்டு வருவதும் நல்லது.

நட்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சண்டை வரும். பெரும்பாலும் மதியத்துக்கு மேல், பசியோடும் களைப்போடும் இருக்கும்போது வரும். அதனால் சாப்பாட்டு இடைவேளையை எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிப் போடாதீர்கள். அன்றன்று இரவு 'அந்த ஷாட்டை நீ கெடுத்தாய்' என்ற அலசல் வேண்டாம். எடுத்ததை இரண்டு இடத்தில் காப்பி செய்துவிட்டு, இரண்டும் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகுதான் போனிலிருந்து அழிக்க வேண்டும். ஒருவர் எடுத்த ஃபுட்டேஜ் இன்னொருவர் கையில் அழிந்துபோனால் அந்த நட்பைத் திரும்பப் பிடிப்பது கஷ்டம்.

முதல் வாரம் ஸ்கிரிப்டுக்கும் ஒத்திகைக்கும், இரண்டாவது வாரம் படப்பிடிப்புக்கு, மூன்றாவது வாரம் முழுக்க எடிட்டிங்குக்கு. கடைசி இரண்டு ராத்திரியில் எடிட் செய்துவிடலாம் என்ற நம்பிக்கை எல்லாக் குழுவிலும் யாரோ ஒருவருக்கு இருக்கும். உங்கள் குழுவில் அது யார் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். ரஃப் கட் (காட்சிகளை வரிசையாகக் கோத்த முதல் வடிவம்) தயாரானதும் கதை தெரியாத ஒருவருக்குப் போட்டுக் காட்டி, 'என்ன நடந்தது என்று சொல்லு' என்று கேளுங்கள். 'நன்றாக இருக்கிறதா' என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். அவர் சொல்லும் கதையில் உங்கள் முடிவு வரவில்லை என்றால், அப்போதும் ஒரு ஷாட் சேர்க்க நேரமிருக்கும். முடித்த படத்தை ஒப்படைப்பதற்கு முதல் நாளாவது, திரையிடப்போகும் அறையிலேயே ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். லேப்டாப்பில் தெளிவாகக் கேட்ட வசனம் அந்த ஸ்பீக்கரில் பின்னணி இசைக்குள் அமுங்கிப் போகலாம்.