வாக்குத்தத்த அட்டையும் எழுபது வருஷமும்

ஐயா,

பெரம்பூரில் வசிக்கிறேன். பிறந்தது சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில், சில வருடங்களாக ஒரு சுயாதீன சபைக்குப் போகிறேன். புத்தாண்டு ஆராதனையில், அந்த வருஷத்துக்கான வாக்குறுதியாக ஒரு வேதவசனம் அச்சடித்துத் தரும் வாக்குத்தத்த அட்டையில் எனக்கு எரேமியா 29:11 கிடைத்தது. மார்ச்சில் வேலை போய்விட்டது. "உன் விசுவாசம் போதவில்லை" என்கிறார் போதகர். விசுவாசம் குறைந்தால் இரட்சிப்பும் போய்விடுமா? கிரியை (நற்செயல்) வேண்டும் என்று யாக்கோபு தம் நிருபத்தில் சொல்கிறாரே? மறுபடியும் ஞானஸ்நானம் எடுக்கவேண்டுமா?

(பெயர் தவிர்க்கப்பட்டது)

அன்புள்ள தம்பி,

வேலை போன வீட்டில் சோறு தொண்டையில் இறங்காது. அந்த நேரம் பார்த்து ஒருவர் உங்கள் விசுவாசத்துக்கு மதிப்பெண் போட்டிருக்கிறார். கோபம்தான் வருகிறது.

ஞானஸ்நான விவகாரத்துக்குள் நான் வரவில்லை. யாக்கோபுக்கும் பவுலுக்கும் சண்டை இல்லை. இரட்சிப்பு கிருபையால், கிரியையால் அல்ல என்கிற பவுலின் எபேசியர் 2:8, 9 இரண்டையும் மனப்பாடமாகச் சொல்கிறவர்கள், நற்கிரியைகளைப் பேசும் பத்தாம் வசனத்தையும் சேர்த்து வாசித்தால் போதும்.

ஆனால் அந்த அட்டை! நெடுநாளாக அது என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. எரேமியா 29 ஒரு கடிதம். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா தீர்க்கதரிசி எழுதியது. 'சமாதானத்துக்கேதுவான நினைவுகள்' என்று உங்கள் அட்டையில் இருக்கிறதே, அதற்கு முந்தைய வசனம் என்ன சொல்கிறது? ஊர் திரும்ப எழுபது வருஷம் ஆகும் என்கிறது. அதுவரை வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளை பெறுங்கள். இதற்கு முந்தைய அதிகாரத்துக்குப் போங்கள். இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று ஆலயத்தில் நின்று அறிவித்த அனனியா அங்கே இருக்கிறான். ஜனங்களுக்கு இனிக்கிற சேதி. அவனைப் பொய்த் தீர்க்கதரிசி என்கிறது வேதம். அந்த வருஷமே செத்தும் போனான். எரேமியாவின் வசனத்தை அட்டையில் அச்சடித்து, அனனியாவின் பிரசங்கத்தைச் செய்கிறார்கள். நீங்களும் ஆமென் சொல்லிவிட்டு வந்திருக்கிறீர்கள். வீட்டில் வேதாகமம் இல்லையா, தம்பி? பெரோயா ஊரார் பவுல் சொன்னதையே வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். உங்கள் போதகர் பவுலைவிடப் பெரியவரா?

எங்கள் ஆச்சி திருநெல்வேலியிலிருந்து வேப்பேரிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். அட்டை கிடைத்தால் வீட்டுக்கு வந்து, அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து சத்தமாக வாசிப்பார். ஒரு வருஷம் இதே வசனம் அவருக்கும் வந்தது. பத்தாம் வசனத்தில் நிறுத்தி, "எழுபது வருஷமா? அதுவரைக்கும் யார் இருக்கப்போகிறார்கள்?" என்று சிரித்தார். பிறகு மிச்சத்தையும் வாசித்துவிட்டு உலை வைக்கப் போனார். சட்டங்களே நிறைந்த லேவியராகமத்தைக்கூடத் தாண்டிப் போகாதவர்.

1517இல் ஜெர்மனியச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் எதிர்த்தது பாவமன்னிப்புச் சீட்டு வியாபாரத்தை. மனிதன் தன் முயற்சியால் தேவனுக்கு முன் நீதிமானாக முடியாது என்பதற்காகவே இரட்சிப்பு விசுவாசத்தினால் மட்டும் என்றார் அவர். இப்போது அந்த விசுவாசத்தையே ஒரு முயற்சியாக்கி, இத்தனை படி அளந்தால் வேலை, இன்னும் கூட்டினால் வீடு என்று கணக்குப் பார்க்கிறார்கள். இது கிரியை இல்லாமல் வேறென்ன? "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று ஒரு தகப்பன் அழுதான். மாற்கு 9. இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை, பிள்ளை சுகமானான். இரட்சிப்பு உங்கள் பிடியின் பலத்தில் இருந்தால், இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்த பேதுருவுக்கே கிடைத்திராது.

வருகிற ஞாயிறு போதகரிடம் எரேமியா 28ஐப் பிரசங்கிக்கச் சொல்லுங்கள். உங்கள் படிப்பு, அனுபவ விவரங்களை எனக்கு அனுப்புங்கள். அம்பத்தூரில் தொழிற்கூடம் நடத்தும் நண்பர்கள் சிலர் இருக்கிறார்கள், கேட்டுப் பார்க்கிறேன்.