தரவுக் கோப்பைத் திறந்தாலே ஆபத்தா? மெமரி பாதுகாப்புக் குறை என்றால் என்ன?

சேர்வராயன் மலையின் மழையளவைச் செயற்கைக்கோள் கோப்புகளில் ஆராய்பவர்களுக்கு வரும் சந்தேகம் இது.

கோப்பின் தொடக்கத்தில் "உள்ளே இவ்வளவு தரவு" என்று ஓர் எண் இருக்கும். கோப்பைப் படிக்கும் லைப்ரரி (பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல்) அதைச் சரிபார்க்காமல் நம்பி இடம் ஒதுக்கினால், மிஞ்சிய தரவு பக்கத்து மெமரியில் வழியும்; இது ஒரு மெமரி பாதுகாப்புக் குறை. சேலத்து ஜவ்வரிசி ஆலையில் தொட்டி கொள்ளாத மாவுப்பால் விளிம்பைத் தாண்டினால், பக்கத்துத் தொட்டியில் வெள்ளையாகப் படிந்த மாவும் கலங்கிப்போகும். மெமரியில் அந்தப் பக்கத்துத் தொட்டி, நிரல் அடுத்துச் செய்யவேண்டிய கட்டளையாகவே இருக்கலாம். அதுதான் பயம். இத்தகைய தரவுக் கோப்புகளைப் படிக்கும் ஹெச்டிஎஃப்5 என்ற லைப்ரரி எழுதப்பட்ட சி மொழி இந்த எல்லையைத் தானாகக் காக்காது.

லைப்ரரியின் திருத்திய பதிப்பு வந்த அன்றே மாற்றுங்கள். நீங்கள் பயன்படுத்தும் பைத்தான் தொகுப்புக்குள்ளும் அதன் பழைய பிரதி ஒன்று இருக்கலாம்; பலரும் கோட்டைவிடுவது அங்கேதான்.

"வெறும் எண்கள்தானே, வைரஸ் இல்லையே" என்பது தவறு: திட்டமிட்டு அடுக்கிய எண்களே கட்டளையாக ஓடக்கூடும்.