அகழானுக்குக் காசு செலவழிக்கும் முன்

தை பிறந்து இராசவள்ளிக் கிழங்கு கிண்டத் தொடங்கியதும் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் போக்கு மாறிவிடும். குளிர்சாதனப் பெட்டி, கைத்தொலைபேசி எல்லாம் பின்னுக்குப் போய், வளவைக் கிண்டும் அகழான் என்ற பெரிய எலியைப் பற்றியே கேட்பார்கள். இந்த முறையும் அப்படித்தான்.

கேள்வி: கொடி காய்ந்ததும் இராசவள்ளியைக் கிண்டினேன். ஐந்து மேட்டில் மூன்றில் கோது மட்டுமே மிச்சம். மதில் ஓரமாக ஆறேழு துளைகள் இருக்கின்றன. அயல்வீட்டு அக்கா அகழான் என்கிறார், என் கணவர் பாம்புப் புற்று என்கிறார். கடையில் மூன்று வகை மருந்து காட்டினார்கள். எதை வாங்குவது? — வாசகி, கோப்பாய்

இன்றைக்கு எதையும் வாங்க வேண்டாம், தங்கச்சி. மருந்துக் கடைக்குப் போகும் முன் துளையடியில் போய்க் குந்துங்கள்.

அகழான் வளையின் வாய் இரண்டு, மூன்று அங்குல அகலம் இருக்கும். பக்கத்தில் புதிதாகத் தள்ளிய செம்மண் சல்லடையில் அரித்ததுபோலப் பொலபொலவென்று குவிந்து கிடக்கும். ஆள் உள்ளே இருந்தால் வாசலை மண்ணால் அடைத்து வைத்திருப்பதும் உண்டு. கடலை அண்டிய வளவாக இருந்தால் அது நண்டு வளையாகவும் இருக்கலாம். அதன் வாயில் மண் உருண்டை உருண்டையாகக் கிடக்கும். உங்கள் கணவரும் பாதி சரி. நம் ஊர்ப் பாம்புகள் இப்படி வளை தோண்டுவதில்லை. ஆனால் அகழான் தோண்டியதில் குடியேறிவிடும். கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்த கதைதான். நாகமும் புடையனும் எலியைத் தேடி வருகிறவை. ஆகவே எந்தத் துளைக்குள்ளும் கையை விடாதீர்கள்.

பின்னேரம் எல்லாத் துளைகளையும் மண் போட்டுக் காலால் மிதித்து அடையுங்கள். காலையில் எது திறந்திருக்கிறதோ, எங்கே புது மண் வந்திருக்கிறதோ, அங்கேதான் ஆள் இருக்கிறது. ஏழு துளை என்றால் ஏழு அகழான் என்று பயப்பட வேண்டாம். ஒரு வளைக்குப் பல வாசல்கள் உண்டு. வளர்ந்த அகழான் பெரும்பாலும் தனியாகவே குடியிருக்கும். அதனால்தான் வீட்டு வளவில் ஒன்றிரண்டைப் பிடித்தாலே பெரிய நிம்மதி கிடைக்கிறது. ஆனால் குட்டி போட விட்டால் கதை வேறு. சினைக்காலம் மூன்று வாரத்துக்குச் சற்று மேல்தான், ஒரு ஈற்றில் ஆறு, ஏழு குட்டிகள் சாதாரணம்.

இனி வாங்க வேண்டியது இரும்புக் கூடு. இதில் நானே ஒருமுறை ஏமாந்தேன். மலிவாகக் கிடைத்த மெல்லிய கம்பிக் கூட்டை ஆசையாக வாங்கி வந்து வைத்தேன். காலையில் பார்த்தால் ஒரு மூலைக் கம்பி வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. தேங்காய்த் துண்டும் இல்லை, ஆளும் இல்லை. எலிக்கென்று செய்த கூடு அகழானுக்குத் தாங்காது. கடையிலேயே கதவை உயர்த்தி விட்டுப் பாருங்கள். படாரென்று விழ வேண்டும். விழுந்த கதவை விரலால் உள்ளிருந்து தள்ளினால் திறக்கக்கூடாது. கம்பிகள் சந்திக்கும் இடங்கள் ஒட்டுப் போட்டவையா, வெறுமனே சுற்றிக் கட்டியவையா என்று பாருங்கள். இரை கொளுவும் கொக்கி இலேசாகத் தொட்டதும் விடுபட வேண்டும்.

கூட்டைக் கொண்டுவந்த அன்றே பொறியை ஏற்றாதீர்கள். புதுப் பொருளைக் கண்டால் இந்தப் பிராணி நம்பாது. இரண்டு, மூன்று இரவுகள் கதவைக் கயிற்றால் கட்டித் திறந்தபடியே விட்டு, தணலில் வாட்டிய தேங்காய்ச் சொட்டையோ கருவாட்டையோ உள்ளே வையுங்கள். தின்று பழகியபின் கயிற்றை அவிழ்த்துக் கதவைப் பொறியில் மாட்டுங்கள். பொறுமையில்லாத வீடுகளில்தான் கூடு துருப்பிடித்துக் கோடிப்புறத்தில் கிடக்கிறது.

பிடித்ததைப் பக்கத்து ஒழுங்கையில் கொண்டுபோய் விடுவது பிரச்சினையை அயலாருக்கு அனுப்புவதுதான். கொல்வதாக இருந்தால் ஒரே அடியில் கொல்லும் பெரிய விற்பொறி, கூட்டோடு தண்ணீரில் அமிழ்த்துவதைவிடக் குறைந்த வேதனை. ஆனால் அதைக் குழந்தைகளுக்கும் கோழிகளுக்கும் எட்டாதபடி ஒரு பெட்டிக்குள் வைக்க வேண்டும். செத்ததை வெறுங்கையால் தொடாதீர்கள். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களைப் பறித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். எலிகளின் சிறுநீர் கலந்த ஈரத்திலிருந்து கால் வெடிப்பு, கீறல் காயம் வழியாக அந்தக் கிருமி உள்ளே போகிறது. பொலித்தீன் பையைக் கையில் மாட்டி எடுத்து, கிணற்றடியிலிருந்து தள்ளி ஆழமாகப் புதையுங்கள். மண் கிண்டும் வேலைக்குச் சப்பாத்து போடுங்கள்.

அடுத்த வருட இராசவள்ளிக்கும் பனம்பாத்திக்கும் காசு செலவழிப்பதானால் மருந்தில் அல்ல, வலையில் செலவழியுங்கள். துத்தநாகம் பூசிய, ஒட்டுப் போட்ட கம்பி வலை. கண் அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். பாத்தியைச் சுற்றி ஒன்றரை, இரண்டு அடி ஆழத்துக்கு இறக்கி, அடி விளிம்பை வெளிப்பக்கமாக ஒரு சாண் மடித்துவிடுங்கள். தோண்டி வருகிற ஆள் அந்த மடிப்பில் முட்டித் திரும்பும். கோழிக்கூட்டுக்கு அடிக்கும் மெல்லிய வலை இதற்கு உதவாது.

கேள்வி: முகநூல் விளம்பரம் பார்த்து, மண்ணில் குத்திவைக்கும் சூரிய ஒளிக் கருவிகள் நான்கு வாங்கினேன். அதிர்வொலிக்கு எல்லாம் ஓடிவிடும் என்றார்கள். இப்போது கருவியின் காலடியிலேயே புது வளை. காசைத் திரும்பப் பெறலாமா? — வாசகர், கொக்குவில்

பெட்டியின் மேலுள்ள படத்தை ஒருமுறை பாருங்கள். கண் இருப்பதே தெரியாத குட்டிப் பிராணி ஒன்று பெரிய முன்னங்கால்களோடு மண்ணிலிருந்து எட்டிப் பார்க்கும். அது ஐரோப்பா, வட அமெரிக்காப் பக்கத்து மண்துளைப்பான். இலங்கையில் அந்த இனமே கிடையாது. புல்தரையைப் புழுவுக்காகக் கிளறும் அந்த ஆளுக்கென்று செய்ததை, கிழங்கு தின்னும் நம் அகழானுக்கு விற்றிருக்கிறார்கள். அந்த நாடுகளிலும் இவற்றுக்கு நல்ல பெயர் இல்லை.

வீட்டுக்குள் செருகும், நம் காதுக்குக் கேட்காத மீயொலிக் கருவியும் இதற்கு உறவுதான். அந்த ஒலி சுவரைத் தாண்டாது, மண்ணுக்குள் போகாது. அமெரிக்காவின் வணிக ஆணையம் 2001இலேயே, ஆதாரமில்லாமல் பலன் கூறக்கூடாதென்று இத்தகைய கருவிகளைச் செய்வோருக்கும் விற்போருக்கும், அறுபதுக்கு மேற்பட்டோருக்கு, எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

காசு விடயம்: பொய்யான பலன் கூறி விற்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்துக்கு விரோதம். 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். ஆனால் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடுவதுதான் வழி. பற்றுச்சீட்டு, விளம்பரத்தின் படம், விற்றவரோடு பேசிய வட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் இணையுங்கள். முகவரியே இல்லாத விற்பனையாளரென்றால், உண்மையைச் சொல்கிறேன், காசு வருவது கடினம்.

கேள்வி: சந்தை வாசலில் தாளில் சுற்றிய கறுப்புத் தூளை எலி மருந்தென்று விற்றார்கள். சோற்றில் பிசைந்து வைத்தோம். அகழான் சாகவில்லை, அயலவரின் நாய் செத்துவிட்டது. யார் பொறுப்பு? — வாசகர், சாவகச்சேரி

விற்றவரும் நீங்களும். கோபிக்க வேண்டாம்.

சாம்பல் கலந்த கறுப்பு நிறமும் உள்ளிப் பூண்டு மணமும் இருந்ததென்றால் அது சிங்க் பொஸ்பைட்டாக இருக்கலாம். வயிற்று அமிலத்தோடு சேர்ந்ததும் பொஸ்பீன் என்ற நச்சு வாயுவாகும். அதற்கு மாற்று மருந்து இல்லை. குறைவாகத் தின்று பிழைத்த அகழான் அந்த இரையை மறுபடி தொடாது. நாய்க்கு அந்தப் புத்தி கிடையாது.

1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, பதிவு செய்யாத பீடைகொல்லியை விற்க முடியாது. மருந்தின் பெயர், அளவு, காலாவதித் திகதி, நஞ்சு ஏறினால் என்ன செய்வது என்ற குறிப்பு இல்லாத எதையும் கையில் வாங்காதீர்கள். நஞ்சு வைத்தே தீர வேண்டுமென்றால் புரோமடியோலோன் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் கட்டிகள் ஓரளவு பரவாயில்லை. அகழான் சாக மூன்று நாள் முதல் ஒரு வாரம் செல்லும். ஆனால் தவறி உண்டவருக்கு வைத்தியசாலையில் விற்றமின் கே1 கொடுக்க முடியும். கட்டியை வளையின் உள்ளே தள்ளி வாயை மூடுங்கள், முற்றத்தில் போடாதீர்கள். செத்த அகழானைத் தின்னும் பூனைக்கும் கீரிக்கும் அந்த நஞ்சு போகும் என்பதையும் மனதில் வையுங்கள். யாரும் தவறி உண்டால் 1990 அம்புலன்ஸை அழைத்து, பெட்டியையும் கையோடு கொண்டுபோங்கள்.

நெற்களஞ்சியத்துக்குப் போடும் அலுமினியம் பொஸ்பைட் குளிசையை வீட்டு வளையில் போடச் சொல்லும் அறிவுரை ஒன்றும் உலவுகிறது. கேட்கவே வேண்டாம். அந்த வாயு நிலத்தின் அடியால் அறைக்குள் வந்து ஆளைக் கொல்லும்.

கேள்வி: வளைக்குள் மண்ணெண்ணெய் ஊற்றலாமா? — வாசகி, நீர்வேலி

கூடாது. நம் காலடியில் கிடப்பது வெடிப்பும் குகையுமான சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றியது வடிகட்டப்படாமலே கிணற்றுக்குப் போகும். குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது, குடிப்பது பெரும்பாலும் கிணற்று நீர். சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்து ஊரே பட்ட பாடு போதாதா? பொச்சும் காவோலையும் போட்டுப் புகை மூட்டுங்கள். வேறு வாசல்களால் புகை வருவதைப் பார்த்து அவற்றையும் அடையாளம் காணலாம். மதிலின் அடியில் எதுவரை குடைந்திருக்கிறது என்பதும் தெரியும்.

கேள்வி: பக்கத்து வளவுக்காரர் கனடாவில். பற்றை ஆளுயரம். நாங்கள் எத்தனை பிடித்தாலும் அங்கிருந்து வருகின்றன. ஒரு கம்பனி வருட ஒப்பந்தத்துக்கு வரச் சொல்கிறது. — வாசகர், இணுவில்

பற்றை இருக்கும்வரை ஒப்பந்தம் கம்பனிக்குத்தான் இலாபம். முதலில் உறவினர் மூலம் உரிமையாளருக்குப் படத்தோடு செய்தி அனுப்புங்கள். அசையவில்லையென்றால் பிரதேச சபைக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் எழுத்தில் கொடுங்கள். டெங்குக் காலத்தில் இந்த முறைப்பாடுகள் வேகமாக நகரும். அதன்பிறகும் கம்பனி வேண்டுமென்றால், எந்த மருந்தை எங்கே வைப்பார்கள், செத்ததை யார் அகற்றுவது, மறுபடி வந்தால் இலவசமாக வருவார்களா என்பதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். கூட்டைத் தோட்டத்தில் வைக்கும் நுணுக்கத்துக்கு 1920 என்ற விவசாயத் திணைக்கள இலக்கத்தில் கேட்கலாம். அது தமிழிலும் பேசும்.