பல்கலைக்கழக விண்ணப்பமான சி.ஏ.ஓ. படிவத்தை அம்மாவே நிரப்பலாமா?

தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் இந்த வருடம் மேட்ரிக், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு. கணவருக்கு பிராஸ்பெக்டனில் தொழிற்சாலை வேலை, இவருக்குத் துணிக்கடையில் வேலை. இருவரும் பல்கலைக்கழக வாசலை மிதித்ததில்லை. அப்பாவுக்கு மகள் டாக்டராக வேண்டும். மகளோ சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் ஆசிரியையாக வேண்டும் என்கிறாள். "மே மாதம் முடியப்போகிறது. சி.ஏ.ஓ. விண்ணப்பத்தில் அவள் ஒரு வரிகூட நிரப்பவில்லை. கேட்டால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். நானே நிரப்பி அனுப்பிவிடட்டுமா? எங்கள் இருவர் சம்பளமும் சேர்ந்து மாதம் 31,000 ராண்ட். அரசு உதவி கிடைக்குமா?" என்று கேட்கிறார். மகளின் பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண்களையும் அனுப்பியிருக்கிறார்.

நீங்கள் நிரப்பாதீர்கள். அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவும் வேண்டாம். இந்த வேலையில் பாதி உங்களுடையது, பாதி அவளுடையது. எது யாருடையது என்று வீட்டில் யாரும் பேசி வைக்காததால்தான் மொத்தமும் அப்படியே கிடக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அவள் சோம்பேறி என்றோ பொறுப்பில்லாதவள் என்றோ உங்கள் கடிதத்தைப் படித்தால் தெரியவில்லை. எதை முதல் வரியில் எழுதினாலும் வீட்டில் சண்டை வரும் என்று அவளுக்குத் தெரியும். எழுதாமல் இருந்தால் சண்டையும் இல்லை.

முதலில் சி.ஏ.ஓ. என்ன செய்கிறது என்று பார்ப்போம். குவாசுலு-நட்டாலில் உள்ள நான்கு அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும், அதாவது குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகம் (யு.கே.இசட்.என்.), டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், மங்கோசூத்து, சுலுலாந்து ஆகியவற்றுக்கு, ஒரே விண்ணப்பத்தை வாங்கிப் பிரித்து அனுப்பும் அலுவலகம் அது. யாருக்கு இடம் என்று முடிவெடுப்பது அந்தந்தப் பல்கலைக்கழகம்தான். ஆகவே சி.ஏ.ஓ.வில் ஆளைப் பிடித்து சீட் வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் அது மோசடி. ஒரு விண்ணப்பத்தில் ஆறு படிப்புகள் வரை, விருப்ப வரிசைப்படி எழுதலாம். கேப்டவுன், விட்ஸ், ஸ்டெல்லன்போஷ், பிரிட்டோரியா போன்றவற்றுக்குத் தனித்தனியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அவற்றில் சில ஜூலை இறுதியிலேயே கதவை மூடிவிடும். கேப்டவுனுக்கு என்.பி.டி. என்ற தனித் தேர்வும் எழுத வேண்டியிருக்கலாம். வெளியூர் அனுப்பும் எண்ணம் இல்லையென்றால் இந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம்.

சி.ஏ.ஓ.வில் பெரும்பாலான படிப்புகளுக்கு செப்டம்பர் இறுதி வரை நேரம் உண்டு. மருத்துவத்துக்கு ஜூனிலேயே முடிந்துவிடும். தேதிகள் வருடத்துக்கு வருடம் கொஞ்சம் நகரும் என்பதால் இந்த வருடத்துக் கையேட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஆனால் உங்கள் வீட்டில் உட்கார்ந்து பேச இன்னும் நான்கு வாரம்தான் இருக்கிறது, நான்கு மாதம் இல்லை.

அந்தப் பேச்சுக்கு முன்னால் மதிப்பெண்களைப் பாருங்கள். பல்கலைக்கழகங்கள் சதவீதத்தை ஏழு நிலைகளாக மாற்றிக் கூட்டுகின்றன. 80-க்கு மேல் 7, 70-களில் 6, 60-களில் 5, 50-களில் 4 என்று இறங்கும். இதைத்தான் பிள்ளைகள் ஏ.பி.எஸ். என்கிறார்கள். யு.கே.இசட்.என். லைஃப் ஓரியன்டேஷனை விட்டுவிட்டு மற்ற ஆறு பாடங்களைக் கூட்டும். உங்கள் மகளுக்கு ஆங்கிலம் 76, ஆஃப்ரிகான்ஸ் 70, கணிதம் 58, பௌதிக அறிவியல் 61, உயிர் அறிவியல் 74, புவியியல் 72. நிலைகளாக மாற்றினால் 6, 6, 4, 5, 6, 6. மொத்தம் 33. நல்ல மதிப்பெண்தான், இதைக் கணவரிடம் முதலில் சொல்லுங்கள். ஆனால் யு.கே.இசட்.என். மருத்துவத்துக்குக் கணிதத்தில் குறைந்தபட்சம் 5-ஆம் நிலை, அதாவது 60 வேண்டும். இரண்டு மதிப்பெண் குறைகிறது. அதை எட்டிவிட்டாலும் சில நூறு இடங்களுக்குப் பல ஆயிரம் பேர் நிற்கிற வரிசை அது. குறைந்தபட்சத் தகுதி என்பது வரிசையில் நிற்க அனுமதி மட்டுமே. உண்மையில் உள்ளே போகிறவர்களின் மதிப்பெண்கள் அதைவிட வெகு உயரத்தில் இருக்கும்.

கணவரிடம் இதைக் கோபமில்லாமல் சொல்ல வேண்டும். அவருடைய ஆசையை நான் குறை சொல்லவில்லை. பாட்டன் காலத்தில் கரும்புத் தோட்டம், அப்பன் காலத்தில் தொழிற்சாலை என்று வந்த குடும்பங்களில் டாக்டர் என்ற சொல்லுக்கு ஒரு தனி கனம் உண்டு. ஒருநாள் சாயங்காலம் டிவியை அணைத்துவிட்டு, கையேட்டில் மருத்துவத்துக்கான பக்கத்தையும் மகளின் ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவரையே படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் வாதாட வேண்டாம். ஆறு வருடப் படிப்பு, அப்புறம் இரண்டு வருடம் பயிற்சி மருத்துவர், ஒரு வருடம் சமூக சேவை என்று ஒன்பது வருடக் கணக்கையும் அவரே போட்டுப் பார்க்கட்டும்.

மகளிடமும் ஒன்று கேளுங்கள். "ஏன் டீச்சர்?" என்று விசாரணை மாதிரி இல்லாமல், "எந்த வகுப்புப் பிள்ளைகளுக்கு? எந்தப் பள்ளிக்கூடத்தில்?" என்று கேளுங்கள். பதில் தெளிவாக வந்தால் ஆசை உறுதியானது. "மேத்ஸ் வராது, அதனால்தான்" என்று வந்தால் அது வேறு பேச்சு. அப்படியானால் வெஸ்ட்வில் வளாகத்தில் இருக்கிற பேச்சுச் சிகிச்சை, செவித்திறன், தொழில்வழிச் சிகிச்சை போன்ற படிப்புகளைக் காட்டுங்கள். பிள்ளைகளோடு பழகும் வேலையாகவும் இருக்கும், மருத்துவத் துறையாகவும் இருக்கும். இவற்றிலும் போட்டி கடுமைதான். அப்பாவைச் சமாதானப்படுத்துவதற்காக மட்டும் இவற்றில் தள்ளிவிடாதீர்கள்.

ஆறு வரிகளை எப்படி நிரப்பலாம்? முதல் வரி அவளுடையது. அதில் யாரும் கை வைக்கக் கூடாது, ஏனென்றால் வரிசையைப் பல்கலைக்கழகங்களும் பார்க்கின்றன. ஆசிரியப் படிப்புதான் வேண்டுமென்றால் பைன்டவுனில் உள்ள எட்ஜ்வுட் வளாகத்து பி.எட்.டை மேலே வைக்கட்டும். நான்கு வருடம். ஆரம்ப வகுப்புகளுக்குப் பாடம் நடத்த இந்த மாகாணத்தில் சுலு தெரிந்திருப்பது பெரிய பலம். யு.கே.இசட்.என். எப்படியும் தாய்மொழியாக சுலு பேசாத மாணவர்களைச் சுலு அடிப்படைப் பாடம் படிக்க வைக்கிறது. அப்பாவுக்காக ஒரு வரி ஒதுக்குங்கள் என்று நானே சொல்வேன். அது மருத்துவமாக இருக்கலாம், சுகாதாரத் துறையில் இன்னொன்றாக இருக்கலாம். ஆனால் இடம் கிடைத்தால் போவாளா என்று முன்கூட்டியே கேட்டு, 'போவேன்' என்றால் மட்டும் எழுதட்டும். கடைசி இரண்டு வரிகளில் இப்போதைய மதிப்பெண் கொஞ்சம் சரிந்தாலும் கிடைக்கக்கூடிய படிப்புகள் இருக்க வேண்டும். ஆறு வரியிலும் உச்சாணிக் கொம்பையே எழுதிவிட்டு ஜனவரியில் அழும் பிள்ளைகளை வருடா வருடம் பார்க்கிறேன்.

தட்டச்சு செய்வதும் கடவுச்சொல் வைப்பதும் அவள் வேலை. உங்கள் பங்கு காகிதம், தேதி, பணம். இது சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். அடையாள அட்டை இல்லையென்றால் உள்துறை அலுவலக வரிசைக்கு ஒருநாள் லீவு போட வேண்டியிருக்கும். பதினொன்றாம் வகுப்பு முடிவு, அடையாள அட்டை, உங்கள் இருவரின் அடையாள அட்டைகள், சம்பளச் சீட்டுகள் எல்லாவற்றுக்கும் நகலெடுத்துப் போலீஸ் நிலையத்தில் சான்றொப்பம் வாங்கி வையுங்கள், அதற்குக் காசு கிடையாது. விண்ணப்பக் கட்டணத்தைக் காலம் தாழ்த்திக் கட்டினால் தொகை ஏறும். இடம் பற்றிய செய்தி அவள் கைப்பேசிக்குத்தான் வரும். பதில் சொல்லக் கெடு உண்டு, தவறவிட்டால் இடம் போய்விடும். ஆகவே இந்த வருடம் சிம் கார்டு மாற்றும் பேச்சே கூடாது.

இனி பணம். என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். என்ற அரசு மாணவர் நிதி உதவிக்குக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 3,50,000 ராண்டுக்குள் இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு அந்த வரம்பு 6,00,000. நீங்கள் சொன்ன 31,000 பிடித்தம் போகக் கைக்கு வருவதா, பிடித்தத்துக்கு முன்னாலா என்று எழுதவில்லை. பார்ப்பது பிடித்தத்துக்கு முந்தைய தொகையைத்தான். பிடித்தத்துக்கு முந்தையது என்றே வைத்தாலும் வருடத்துக்கு 3,72,000 ஆகிறது, வரம்பைத் தாண்டிவிட்டீர்கள். ஏழை என்று உதவி கிடைக்காது, வசதி என்று கட்டவும் முடியாது. இங்கே 'மிஸ்ஸிங் மிடில்' என்று சொல்லும் நடுக்கட்டுக் குடும்பம் உங்களுடையது. சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் பாதிப் பேர் அங்கேதான் நிற்கிறார்கள் என்பது என் அனுபவம்.

இந்த இடத்தில் மகளின் ஆசைக்கு ஒரு பலம் இருக்கிறது, கணவருக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள். ஆசிரியப் படிப்புக்கென்றே ஃபுன்சா லுஷாகா என்ற அரசு பர்சரி, அதாவது படிப்பு உதவித்தொகை, உண்டு. அதில் பெற்றோர் வருமானத்தைப் பார்ப்பதில்லை. மதிப்பெண்ணையும், அரசு முன்னுரிமை கொடுக்கும் பாடப் பிரிவையும் பார்க்கிறார்கள். எத்தனை வருடம் பணம் வாங்குகிறாளோ அத்தனை வருடம் அரசுப் பள்ளியில் வேலை செய்ய வேண்டும். மாகாணத்தில் ஆசிரியர் பணியிடங்களுக்கு நிதி நெருக்கடி என்ற செய்தியைக் கணவர் சுட்டிக்காட்டினால் அது நியாயமான கவலைதான், மறுக்க வேண்டாம். ஆனால் படிப்பு முடித்தும் அரசு வேலைக்குக் காத்திருந்த இளம் டாக்டர்களைப் பற்றியும் அதே செய்தித்தாள்கள் எழுதியிருக்கின்றன. ஒருவேளை அவள் மருத்துவம் போன்ற துறைக்குப் போனால், 3,50,000-க்கும் 6,00,000-க்கும் இடைப்பட்ட வருமானக் குடும்பங்களுக்கான ஐ.எஸ்.எஃப்.ஏ.பி. திட்டத்தைப் பாருங்கள். இன்னொன்று, கணவரின் தொழிற்சாலையில் ஊழியர் பிள்ளைகளுக்குப் பர்சரி இருக்கிறதா என்று நாளைக்கே மனிதவளப் பிரிவில் கேட்கச் சொல்லுங்கள். பெரிய கம்பெனிகளில் பலவற்றில் இருக்கும், கேட்காதவருக்கு யாரும் கூப்பிட்டுச் சொல்வதில்லை. அவருக்கும் இதில் ஒரு வேலை வேண்டுமல்லவா, இது அவருடையதாக இருக்கட்டும்.

வீட்டு நாள்காட்டியையும் ஒருமுறை பாருங்கள். ஆடியில் கூழ் ஊற்றும் பிரார்த்தனை, புரட்டாசி விரதம், அதே செப்டம்பரில் டிரையல் தேர்வு, தீபாவளி வருவதோ பெரும்பாலும் மேட்ரிக் தேர்வுக் காலத்தில். பலகாரம் சுடுவது, பெட்டி பெட்டியாக வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாம் பெண்பிள்ளைகள் தலையில்தான் விழுகிறது. இந்த ஒரு வருடம் அவளை விட்டுவிடுங்கள். ஆயாவும் பெரியம்மாவும் வந்து "என்ன கண்ணு, டாக்டருக்குத்தானே?" என்று கேட்கும்போது பதில் சொல்லும் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி முடிக்கும் வருடத்து மேட்ரிக் டான்ஸ் விருந்துக்கான உடைச் செலவை இப்போதே பேசி ஒரு தொகையில் நிறுத்துங்கள். விண்ணப்பக் கட்டணத்தைவிடப் பல மடங்கு அதில்தான் போகிறது.

கணிதத்தில் அந்த 58-ஐ 60-க்கு மேல் கொண்டுவர டியூஷன் வைக்கலாமா என்றால், வைக்கலாம், அவள் சம்மதித்தால். மருத்துவத்துக்காக என்று சொல்லாதீர்கள். நிலை ஒன்று ஏறினால் மொத்தம் 34 ஆகும், ஆறு வரிக்கும் அது உதவும். எந்த நெருக்கடியிலும் கணிதத்துக்குப் பதிலான எளிய பாடம், மேத்ஸ் லிட்டரசிக்கு மாற்றும் யோசனையைக் கேட்காதீர்கள். சுகாதாரம், பொறியியல், வணிகம் என்று வரிசையாகக் கதவுகள் மூடும்.

இப்போது கிடைப்பதெல்லாம் பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துத் தரும் தற்காலிக இடம். ஜனவரியில் முடிவு வந்த பிறகுதான் உறுதியாகும். எதிர்பார்த்தது வராவிட்டால் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கக் குறுகிய கெடு உண்டு, பள்ளியில் கேளுங்கள். மே-ஜூனில் மறுபடி எழுதவும் வழி இருக்கிறது. இடமே கிடைக்காதவர்களுக்காக உயர்கல்வித் துறை ஜனவரியில் சி.ஏ.சி.எச். என்ற மையத்தைத் திறக்கும், காலியிடங்களுள்ள நிறுவனங்கள் அதன் மூலம் மாணவர்களை அழைக்கும். வளாக வாசலில் போய் வரிசையில் நிற்க வேண்டாம். 2012 ஜனவரியில் ஜோகன்னஸ்பர்க் பல்கலைக்கழக வாசலில், கடைசி நேர இடத்துக்காகக் காத்திருந்த கூட்டத்தின் நெரிசலில் ஒரு மாணவரின் தாய் இறந்துபோனார். அதன் பிறகு அந்த முறையை அவர்கள் நிறுத்திவிட்டார்கள். தனியார் கல்லூரி விளம்பரங்களும் அந்த வாரத்தில்தான் குவியும். உயர்கல்வித் துறையில் பதிவு உண்டா, அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு அங்கீகாரம் உண்டா என்று பார்க்காமல் முன்பணம் கட்டாதீர்கள்.