அணுகுண்டு விழுந்ததும் ஜப்பான் சரணடைந்துவிட்டதா? ஒரு நாடு எப்படி, ஏன் சரணடைகிறது?

இல்லை, குண்டு விழுந்த உடனே யாரும் வெள்ளைக்கொடி பிடிக்கவில்லை. நான் மலேசியாவில் பந்திங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன், என் பாட்டி ஜப்பான் காலத்தில் அங்கே மரவள்ளி நட்டுப் பிழைத்தவர். அதனால் இந்தக் கேள்வி எனக்கு வெறும் பாடப்புத்தகக் கேள்வி இல்லை.

ஜப்பான் எப்போதோ தோற்றுவிட்டது. 1945 மார்ச்சில் ஒரே இரவுக் குண்டுவீச்சில் டோக்கியோவில் சுமார் 1,00,000 பேர் இறந்தார்கள், ஜூனில் ஒக்கினாவா தீவு போனது, அப்போதும் பணியவில்லை. ஏனென்றால் சொந்த மண்ணில் இன்னொரு பெரிய சண்டை போட்டு எதிரிக்குச் சேதம் உண்டாக்கினால் நல்ல நிபந்தனை கிடைக்கும் என்று ராணுவத் தலைவர்கள் நம்பினார்கள், வெளியுறவு அமைச்சோ சோவியத் நடுவில் நின்று பேசிக் கொடுக்கும் என்று காத்திருந்தது. ஆகஸ்ட் 6 ஹிரோஷிமா. 9ஆம் தேதி சோவியத் படையே ஜப்பான் பிடித்து வைத்திருந்த மஞ்சூரியாவுக்குள் புகுந்தது, அந்த வாசலும் அடைபட்டது. அன்றைக்குக் கூடிய ஆறு பேர் கொண்ட போர்க்குழு நாகசாகியில் இரண்டாவது குண்டு விழுந்த செய்தி வந்த பிறகும் மூன்றுக்கு மூன்று என்று பிரிந்தே நின்றது: மூன்று பேருக்குச் சக்கரவர்த்தியின் அரியணை தப்பினால் போதும், மற்ற மூன்று பேர் அதோடு அந்நியப் படை நாட்டுக்குள் வரக்கூடாது, ஆயுதத்தை நாங்களே களைவோம், போர்க்குற்றத்தை நாங்களே விசாரிப்போம் என்றும் கேட்டார்கள். கடைசியில் நடுராத்திரி சக்கரவர்த்தி முன்னால் கொண்டுபோய் வைத்து அவர் வாயால் சரணடையும் முடிவு வந்தது.

அப்புறமும் முடியவில்லை. 14ஆம் தேதி ராத்திரி சில ராணுவ அதிகாரிகள் காவற்படைத் தளபதியைக் கொன்றுவிட்டு, சக்கரவர்த்தி பேசிப் பதிந்த இசைத்தட்டைத் தேடி அரண்மனையையே புரட்டினார்கள். கிடைக்கவில்லை. மறுநாள் நண்பகல் அது வானொலியில் ஒலித்தது, அதில் சரணடைகிறோம் என்ற சொல்லே கிடையாது. வெளிநாட்டில் இருந்த படைகள் கேட்குமோ கேட்காதோ என்று அரச குடும்பத்து இளவரசர்களை நேரில் அனுப்பிச் சொல்ல வைத்தார்கள்.

குண்டா சோவியத்தா என்று ரொம்ப நாளாக வாதம் நடக்கிறது. இரண்டும் சேர்ந்துதான் என்பது என் எண்ணம். ஆனால் போதும் என்று சொல்ல ஒருவர் இருந்து, துப்பாக்கி வைத்திருக்கிறவன் அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டதால்தான் அது சரணாகதி ஆனது, இல்லாவிட்டால் இன்னும் எத்தனை லட்சம் பேர் செத்திருப்பார்களோ.

சரி, எங்கள் பக்கம் என்ன ஆனது? டோக்கியோ விரிகுடாவில் சரணடைவுப் பத்திரம் கையெழுத்தாகும்வரை வேறெங்கும் படை இறங்கக்கூடாது என்று அமெரிக்கத் தளபதி மெக்ஆர்தர் உத்தரவு. செப்டம்பர் 2ல் அங்கே மிசௌரி என்ற அமெரிக்கப் போர்க்கப்பலில் கையெழுத்தானது, பிரிட்டிஷ் படை எங்கள் பக்கத்து மோரிப் கடற்கரையில் இறங்கியது 9ஆம் தேதி, பல வண்டிகள் சேற்றில் மாட்டிக்கொண்டன. 12ல் சிங்கப்பூரிலும் 13ல் கோலாலம்பூரிலும் ஜப்பான் தளபதிகள் சரணடைந்து கையெழுத்துப் போட்டார்கள். வானொலிப் பேச்சுக்கும் மோரிப்புக்கும் நடுவில் 25 நாள். அந்த நாட்களில்தான் பிந்தாங் தீகா ஆட்கள், அதாவது ஜப்பானை எதிர்த்துக் காட்டில் சண்டை போட்ட கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள், காட்டை விட்டு வெளியே வந்து, ஜப்பான்காரனுக்கு வேலை செய்தவன், காட்டிக்கொடுத்தவன் என்று பல ஊர்களில் ஆட்களைப் பிடித்துக் கொன்றார்கள். பாட்டி சொல்வார்: "தோத்துட்டான்னு சொன்னாங்கய்யா, ஆனா டவுன்ல அவன் கையில துப்பாக்கி அப்படியேதான் இருந்துச்சு. யாருக்குப் பயப்படறதுன்னே தெரியல." இருட்டினால் கதவைத் திறக்கவே மாட்டார்களாம்.

தாத்தாவை 1943ல் ஜப்பான்காரர்கள் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். போர் முடிந்தும் பல மாதம் கழித்துத்தான் திரும்பினார், கூடப் போன தம்பி வரவில்லை. தாத்தா போனபோது முன்பணமாகக் கொடுத்த, வாழைமரம் போட்ட ஜப்பான் காலத்துப் பத்து வெள்ளி நோட்டுகளைப் பாட்டி செலவழிக்காமல் மைலோ டின்னில் போட்டு வைத்திருந்தார். வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் அது வெறும் தாளாகிவிட்டது. டின் இப்போது என்னிடம் இருக்கிறது. பதினொரு நோட்டு, ஒன்றில்கூட வரிசை எண் இல்லை, எழுத்து மட்டும்தான்.