உப்புக் காற்றில் கெட்டுப்போகும் கேம் சிடிக்களை நகல் எடுத்து வைக்கலாமா?

கேள்வி: "கீழக்கரையில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். வாப்பா 1999-ல் துபாயிலிருந்து கொண்டுவந்த பிளேஸ்டேஷன் வீட்டில் இன்னும் ஓடுகிறது. அவர் வாங்கித் தந்த ஒரிஜினல் சிடி பதினொன்று இருக்கிறது. பிறகு சென்னையில் பர்மா பஜாரில் நாங்கள் வாங்கிய காப்பி சிடி நாற்பதுக்கு மேல். இப்போது பாதி சிடி ஓடுவதில்லை. மெமரி கார்டில் நானும் சாச்சா பிள்ளைகளும் போட்டி போட்டு ஓட்டிய கார் ரேஸ் ரெக்கார்டுகள் இருக்கின்றன. அவர்கள் எல்லாரும் இப்போது மலேசியாவில். இதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்தால் குற்றமா? ஓடாத சிடிக்குப் பதிலாக நெட்டிலிருந்து டவுன்லோடு செய்துகொள்ளலாமா? கடைக்கு வரும் பையன்கள் 200 ரூபாய் தருகிறோம், பென் டிரைவில் போட்டுத் தாருங்கள் என்கிறார்கள். தரலாமா?"

பதில்: தம்பி, சட்டத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த மெமரி கார்டு. அதன் கொள்ளளவே 128 கிலோபைட்தான், பதினைந்து கட்டங்கள். உள்ளே பேட்டரி கிடையாது, ஃபிளாஷ் சிப்தான். அதனால் பேட்டரி தீர்ந்து ரெக்கார்டு போய்விடும் என்ற பயம் வேண்டாம். ஆனால் செருகும் இடத்திலுள்ள செம்புப் பட்டைகளைப் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் நம் கடற்கரை தன் வேலையைத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். வாயால் ஊதாதீர்கள். எச்சில் ஈரம் துருவை வளர்க்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் உங்கள் கடையிலேயே இருக்கும். காது துடைக்கும் பஞ்சுக்குச்சியில் லேசாகத் தொட்டுத் துடையுங்கள். பிறகு ஆர்டுயினோ என்ற சின்ன கண்ட்ரோலர் போர்டில் இணைத்தால் கார்டை முழுதாகக் கம்ப்யூட்டருக்கு எடுத்துவிடலாம். அதற்கான புரோகிராம் இலவசமாகவே கிடைக்கிறது. அந்த ரெக்கார்டுகள் நீங்களும் சாச்சா பிள்ளைகளும் உட்கார்ந்து ஓட்டியவை. சிடியை எந்தக் கடையில் வேண்டுமானாலும் தேடலாம், இதற்கு உலகத்தில் இரண்டாவது பிரதி கிடையாது.

அடுத்து சிடி. உங்கள் வீட்டுக் குவியலை இரண்டாகப் பிரிப்பது எளிது. திருப்பிப் பாருங்கள். முதல் பிளேஸ்டேஷனின் ஒரிஜினல் சிடிக்கு அடிப்பக்கம் கறுப்பு. பஜார் சிடி நீலமாகவோ பச்சையாகவோ வெள்ளியாகவோ இருக்கும். ஒவ்வொன்றையும் டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஒரிஜினலில் ஊசிமுனை அளவு வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால் அங்கே அலுமினியப் பூச்சு அரித்துவிட்டது. பலரும் கீழ்ப்பக்கக் கீறலுக்குத்தான் பயப்படுகிறார்கள். ஆபத்து படம் அச்சிட்ட மேல்பக்கத்தில். தகவலைத் தாங்கும் பூச்சு அந்த வார்னிஷுக்கு உடனடியாகக் கீழே இருக்கிறது. வார்னிஷ் கீறினால் உப்பு ஈரம் நேரே உள்ளே போகும். பஜார் சிடியில் தகவல் பதிந்திருப்பது சாயத்தில். வெயிலும் சூடும் பட்டால் சாயம் மங்கிவிடும். உங்களிடம் பாதி ஓடாமல் போனதற்குக் காரணம் இந்த இரண்டும்தான்.

இப்போது சட்டம். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் கம்ப்யூட்டர் புரோகிராமும் இலக்கியப் படைப்புக் கணக்கில் வருகிறது. அதன் 52-ஆம் பிரிவு எதெல்லாம் மீறல் ஆகாது என்று சொல்லும் இடம். முறையாகக் கையில் வைத்திருக்கும் புரோகிராம் தொலைந்தாலோ கெட்டாலோ என்று காப்பு நகல் எடுக்க 52(1)(ஏஏ) இடம் தருகிறது. சட்டப்படி சொந்தமாகப் பெற்ற பிரதியிலிருந்து, வியாபாரம் இல்லாத சொந்த உபயோகத்துக்கு நகல் எடுக்க 52(1)(ஏடி) இடம் தருகிறது. உங்கள் வாப்பா காசு கொடுத்து வாங்கிய பதினொன்றையும் தைரியமாக நகல் எடுங்கள்.

"காப்பி லாக்கை உடைத்தால் தனிக் குற்றமாமே" என்று யாராவது உங்களைக் குழப்பலாம். 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு அது. உரிமையை மீறும் நோக்கத்தோடு பாதுகாப்பை உடைப்பவருக்குத்தான் அது பொருந்தும். உங்கள் விஷயத்தில் உடைக்கவே ஏதும் இல்லை என்று சொல்லலாம். பிளேஸ்டேஷனின் பாதுகாப்பு, சிடியின் உள்வட்டத்தில் வேண்டுமென்றே வைத்த ஒரு நடுக்கம். வீட்டு ரைட்டரால் அதை எழுத முடியாது. அதனால்தான் பஜார் சிடி ஓட மிஷினில் சிப் வைக்க வேண்டியிருந்தது. ஆனால் கம்ப்யூட்டர் டிரைவ் அந்த நடுக்கத்தைக் கண்டுகொள்ளாமல் தகவலை அப்படியே படித்துவிடும். பின் (.bin), கியூ (.cue) என்ற இரட்டைக் கோப்பாக எடுங்கள். பால் (PAL) என்ற டிவி முறைக்கான பதிப்புகள் சிலவற்றில் லிப்கிரிப்ட் என்று கூடுதலாக ஒரு காப்பித் தடுப்பு உண்டு. வளைகுடாவில் விற்றவை பெரும்பாலும் பால் என்பதால், ஏதேனும் ஒன்று நகலில் மட்டும் நடுவில் நின்றுபோனால் அதைச் சந்தேகப்படுங்கள். எடுத்த நகலின் ஹாஷ் எண்ணை, அதாவது கோப்புக்குக் கைரேகை மாதிரியான எண்ணை, ரீடம்ப் என்ற இணையதளத்தின் பட்டியலோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அங்கே கேம் கிடைக்காது, சரியான நகலுக்கு இருக்க வேண்டிய எண்கள் மட்டும் இருக்கும். எண் பொருந்தினால் ஒரு பிட் கூடப் பிசகவில்லை என்று நிம்மதியாகத் தூங்கலாம்.

பழைய மிஷினைப் போல நடித்து நகலைக் கம்ப்யூட்டரில் ஓடவைக்கும் எமுலேட்டர் என்ற புரோகிராமைப் பற்றியும் பயம் வேண்டாம். 2000-ல் அமெரிக்காவின் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், கனெக்டிக்ஸ் என்ற நிறுவனம் பிளேஸ்டேஷனின் உள் இயக்கத்தை ஆராய்ந்து எமுலேட்டர் எழுதியது நியாயமான பயன்பாடே என்றது. வழக்குப் போட்டது சோனி. அதே சோனி 2018-ல் விற்ற பிளேஸ்டேஷன் கிளாசிக் மிஷினுக்குள் ஓடியது தன்னார்வலர்கள் எழுதிய ஓப்பன் சோர்ஸ் எமுலேட்டர்தான்! மிஷினைத் தொடங்கவைக்கும் பயாஸ் என்ற உள் புரோகிராம் மட்டும் கம்பெனியின் படைப்பு. அதை நெட்டில் தேடாமல் உங்கள் மிஷினிலிருந்தே எடுங்கள், அல்லது புதிதாக எழுதப்பட்ட ஓப்பன்பயாஸைப் போடுங்கள்.

டவுன்லோடு பற்றிக் கேட்டீர்கள். சட்டம் சொல்வது "உங்கள் பிரதியிலிருந்து எடுத்த நகல்". நெட்டில் இருப்பது யாரோ ஒருவருடைய சிடியிலிருந்து எடுத்தது. நீங்களும் ஒருகாலத்தில் காசு கொடுத்தீர்கள் என்பதால் அது உங்களுடையதாகிவிடாது. பழைய ஒரிஜினல் ஒன்றைக் கைமாற்றில் வாங்கி அதிலிருந்து எடுங்கள். பஜார் சிடிக்களுக்கு நான் வழி சொல்ல முடியாது. தெரிந்தே திருட்டு நகலைப் பயன்படுத்துவது 63பி பிரிவில் வரும். ஆதாய நோக்கம் இல்லாவிட்டால் நீதிமன்றம் சிறையைத் தவிர்த்து 50,000 ரூபாய் வரை அபராதத்தோடு விடலாம்.

பென் டிரைவ் மட்டும் வேண்டவே வேண்டாம், தம்பி. 200 ரூபாய் கைக்கு வந்த நொடியில் மேலே சொன்ன பாதுகாப்பு எதுவும் உங்களுக்கு இல்லை. 63-ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். இலவசமாகக் கொடுத்தாலும் அது விநியோகம்தான்.

இதைச் சொல்லிவிட்டு என் மனதில் உள்ளதையும் சொல்ல வேண்டும். திருட்டு விசிடி என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் போட்டு அடைத்துவிட்டோம். புதிதாக வந்த கேமை முதல் வாரத்திலேயே காப்பி அடிப்பவன், அதை எழுதியவனின் சோற்றில் கை வைக்கிறான். அதற்கு நான் பரிந்து பேச மாட்டேன். ஆனால் விற்பவரே இல்லாத கேம் வேறு விஷயம். அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் கணக்குச் சொன்னது. உங்களுக்குப் பிடித்த கார் ரேஸ் வகையில் கார் கம்பெனி உரிமமும் பாட்டு உரிமமும் காலாவதியானால் எழுதியவரே நினைத்தாலும் விற்க முடியாது. 2024 மார்ச் 31 அன்று யுபிசாஃப்ட் என்ற கேம் கம்பெனி தன் சர்வரை நிறுத்தியதும் தி க்ரூ என்ற ரேஸ் கேம் காசு கொடுத்தவர்கள் கையிலேயே செத்துப்போனது.

நம் நாட்டில் ஒரு புத்தகம் அச்சானால் 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி கன்னிமாரா நூலகத்துக்கு ஒரு பிரதி போக வேண்டும். கேமுக்கு அப்படி ஒரு அலமாரி எங்கும் இல்லை. பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவின் மூல நிரலே 2012-ல் அதை எழுதிய ஜோர்டன் மெக்னரின் அப்பா வீட்டு அலமாரியில் ஃப்ளாப்பிகளாகக் கிடைத்தது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாங்கிச் சேர்த்து வைத்திருக்காவிட்டால் எத்தனை பழைய தமிழ்ப் புத்தகங்கள் நமக்குக் கிடைக்காமல் போயிருக்கும்! கேமிலும் இப்போது அந்த வேலையைச் செய்பவர்கள் உங்களைப் போன்ற தனியாட்கள்தான். விற்பனையை நிறுத்தி இத்தனை ஆண்டு ஆன கேமை நூலகங்கள் நகல் எடுத்துப் பொதுமக்களுக்குக் காட்டலாம் என்று சட்டத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இப்போதுள்ள 52(1)(என்), டிஜிட்டல் அல்லாத பிரதி நூலகத்தில் இருந்தால்தான் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்க அனுமதிக்கிறது. பிறந்ததிலிருந்தே டிஜிட்டலாக இருப்பதை இது எப்படிக் காப்பாற்றும்?

நகலை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள், ஒன்றை ஊருக்கு வெளியே யாரிடமாவது கொடுங்கள். நகல் எடுத்துவிட்டோம் என்று ஒரிஜினலை விற்றுவிடாதீர்கள். நகலுக்கான உரிமையே அதிலிருந்துதான் வருகிறது. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு சிடிக்களை நிறுத்தி அடுக்கி, தரைத்தளத்து அறையில் வையுங்கள். மேல்மாடி சிமென்ட் ஸ்லாப் வேண்டாம், கோடையில் கொதிக்கும். துடைக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராக இழுங்கள். வாடைக்காற்று தொடங்கும் முன் இந்த வேலை முடிந்துவிட வேண்டும்.