ராமேஸ்வரம் தீவில் நண்பர்களோடு கடல் உணவு சாப்பிட எந்த ஓட்டலுக்குப் போகலாம்?

கேள்வியின் சுருக்கம்: கல்லூரி நண்பர்கள் ஏழு பேர் பொங்கல் முடிந்த வாரத்தில் ராமேஸ்வரம் வருகிறார்கள், மூன்று நாள் தங்குகிறார்கள். ஒருவர் சைவம். மற்றவர்களுக்குக் கடல் உணவுதான் பயணத்தின் பாதி நோக்கம். நல்ல ஓட்டல் எது?

ஓட்டல் பெயர் எதையும் நான் சொல்லப் போவதில்லை. சமையல்காரர் மாறிவிட்டால் ஆறு மாதத்தில் அந்தப் பெயரால் பயனில்லை. அதைவிட நம்பகமான ஒன்று உண்டு. தீவில் உங்கள் இலைக்கு வரும் மீன் எப்படிப்பட்டது என்பதை முடிவு செய்வது கிழமையும் காற்றும்தான். இதை, தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள மண்டபம் ஊர்ப் பக்கத்துக்காரன் என்ற உரிமையோடு சொல்கிறேன். வெளியூர் நண்பர்கள் வரும்போதெல்லாம் அவர்களை அழைத்துக்கொண்டு சாப்பிடச் சுற்றுவது எனக்கு மிகவும் பிடித்த வேலை.

முதலில் காற்று. இந்தத் தீவுக்கு இரண்டு பக்கமும் இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. இங்கே வடகடல், தென்கடல் என்று சொல்வோம். நீங்கள் வரும் தை மாதம் வாடைக் காற்று வீசும் காலம். வடகடல் கலங்கி அலையடித்துக்கொண்டிருக்கும், தென்கடல் அடங்கியிருக்கும். ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும்போது இது தலைகீழாகிவிடும். ஆகவே தையில் சிறு படகு மீனைத் தேடுகிறவர்கள் பாம்பன் தெற்குவாடிப் பக்கம் விசாரிப்பது நல்லது. தனுஷ்கோடியிலும் தென்கடல் பக்கத்தில் என்ன கிடைத்தது என்று கேளுங்கள்.

அடுத்தது கிழமை. ராமேஸ்வரம் விசைப்படகுகளுக்கு வாரத்தில் திங்கள், புதன், சனி ஆகிய மூன்று நாட்கள்தான் கடலுக்குப் போக அனுமதி. மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. காலையில் புறப்படும் விசைப்படகுகள் மறுநாள் காலையில் கரை சேரும். எனவே செவ்வாய், வியாழன், ஞாயிறு காலைகளில் துறைமுகத்தில் மீன் குவியும். நாட்டுப்படகு மீன் அளவில் குறைவு. ஆனால் வலையிலிருந்து சட்டிக்கு வர எடுத்துக்கொள்ளும் நேரமும் குறைவு என்பதால், ருசியில் எனக்கு அதுதான் மேல். மூன்று நாள் தங்குகிறீர்கள் என்றால் இரண்டு வகையையும் சாப்பிட்டுப் பார்க்க உங்களுக்கு வாய்ப்பு உண்டு. புயல் எச்சரிக்கையோ மீனவர் வேலைநிறுத்தமோ இருக்கிறதா என்று மட்டும் வருவதற்கு முன் செய்தித்தாளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைப் பின்னால் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். பள்ளி விடுமுறையும் அப்போதுதான் என்பதால் கூட்டம் அலைமோதும். நாட்டுப்படகு மீன் கொஞ்சம் வரும், விலை ஏறியிருக்கும். மீதி கேரளத்திலிருந்து ஐஸ் பெட்டியில் வருகிற மீன். கடல் உணவுக்காகவே வருகிறவர்கள் அந்த இரண்டு மாதங்களைத் தவிர்த்துவிடலாம்.

இனி தனுஷ்கோடி. உங்கள் மூன்று நாளில் ஒரு மதிய உணவை இங்கேதான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அடித்துச் சொல்வேன். 1964 டிசம்பர் புயலில் ஊர் அழிந்தது. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்த பிறகும் மீனவக் குடும்பங்கள் சில அங்கேயே தங்கிவிட்டன. 2017-இல் தீவின் கடைக்கோடியான அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்டதும் பயணிகள் கூட்டம் பெருகியது. சாலையோரம் ஓலைக் கொட்டகைகள் முளைத்தன. அவற்றில் அடுப்பருகே நிற்பவர்கள் பெரும்பாலும் அந்தக் குடும்பங்களின் பெண்கள். முன்பக்கம் தட்டில் மசாலா தடவிய மீன்களை அடுக்கி வைத்திருப்பார்கள். காட்டுகிற மீன் எண்ணெய்ச் சட்டிக்குள் போகும்.

பெரும்பாலானவர்கள் அரிச்சல்முனையைப் பார்த்துவிட்டுப் பசியோடு திரும்பி, கண்ணில் படும் முதல் கொட்டகையில் உட்கார்ந்து, தட்டில் இருப்பதைக் காட்டிக் கேட்கிறார்கள். நீங்கள் வேறுமாதிரி செய்யுங்கள். காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள். அந்த நேரத்தில் கரைவலை இழுப்பதைப் பார்க்கவும் வாய்ப்பு இருக்கிறது. முனைக்குப் போகும் வழியிலேயே ஒரு கொட்டகையில் இறங்கி, "அக்கா, இன்றைக்குக் காலையில் என்ன மீன் வந்தது? ஏழு பேர் இருக்கிறோம், ஆறு பேர் மீன் சாப்பிடுவோம்" என்று பேச்சைத் தொடங்குங்கள். மசாலா தடவாத முழு மீனைக் காட்டச் சொல்லுங்கள். செவுள் சிவப்பாக, கண் தெளிவாக, விரலால் அழுத்தினால் சதை உடனே எழும்புவதாக இருக்க வேண்டும். பிடித்திருந்தால் விலையைப் பேசி முடித்து, ஒரு பெரிய விளமீனோ பாறை மீனோ எடுத்துக்கொண்டு, பாதியை வறுக்கவும் தலையோடு மீதியைக் குழம்பு வைக்கவும் சொல்லிவிட்டு முனைக்குப் போங்கள். ஒன்றரை மணிக்குத் திரும்பினால் சோறு வடித்து, குழம்பு அடுப்பிலிருந்து இறங்கியிருக்கும்.

ஆளுக்கொரு துண்டு என்று வாங்குவது எனக்குப் பிடிக்காது. துண்டு மீன் காலையில் வெட்டியதா நேற்று வெட்டியதா என்று கண்டுபிடிப்பது கடினம், முழு மீன் தன் வயதை மறைக்காது. அதோடு, நடுவில் ஒரு மீனை வைத்து எல்லோரும் பிய்த்துச் சாப்பிடும்போது நண்பர்களுக்குள் வருகிற பேச்சே தனி. சென்ற வாடையில் வந்திருந்த என் தோழர்கள், பல ஆண்டுகளாகத் தொலைபேசியில் நலம் விசாரிப்பதோடு நிறுத்திக்கொண்டவர்கள், தலைக்கறி யாருக்கு என்று தொடங்கிய வாதத்தில் விடுதிக் காலத்துக் கதைகளையெல்லாம் கொட்டினார்கள். கடைக்கார அக்கா இரண்டாவது முறை சோறு கொண்டுவந்தவர், கதை முடியும் வரை கரண்டியோடு நின்று கேட்டுவிட்டுப் போனார். அந்த மணல் தரையும் பிளாஸ்டிக் நாற்காலியும் போதும், குளிரூட்டிய அறையில் இந்தப் பேச்சு வருவதில்லை.

எந்த மீன் கேட்பது? வஞ்சிரத்தை எல்லா ஊரிலும் சாப்பிடலாம், இங்கே வந்தும் அதையே கேட்காதீர்கள். கிடைத்தால் ஓராவைக் கேளுங்கள். கடல்புல்லையும் பாசியையும் மேய்கிற மீன் அது. துடுப்பு முள்ளில் விஷம் உண்டு, குடலைக் கவனமாக எடுக்காவிட்டால் வாடை அடிக்கும். பழகியவர் கையால் சுத்தம் செய்து குழம்பு வைத்தால் அதற்கு இணை இல்லை என்பது என் தீர்ப்பு. முரல் கிடைத்தால் வறுவல். நீண்ட கூர் வாய் கொண்ட அந்த மீனின் முள் பச்சை நிறத்தில் இருக்கும். இயல்பே அதுதான், கெட்டுப்போனது என்று தள்ளிவிடாதீர்கள். திருக்கையைப் பூண்டு தட்டிப்போட்டுக் குழம்பாக வைப்பார்கள், முள் எடுக்கத் தெரியாத நண்பர்களுக்கு ஏற்றது. கணவாயைச் சட்டியில் போட்டுச் சீக்கிரம் இறக்க வேண்டும், நேரமானால் ரப்பராகிவிடும். அதனால் அதை மட்டும் நீங்கள் வந்து உட்கார்ந்த பிறகு போடச் சொல்லுங்கள்.

இறாலுக்கு ஆசைப்படுகிறவர்கள் உங்கள் கூட்டத்தில் நிச்சயம் இருப்பார்கள். தரமான கடல் இறாலும் பெரிய நண்டும் பெரும்பாலும் கரையிலேயே ஏற்றுமதி வியாபாரிகள் கைக்குப் போய்விடுகின்றன. ஓட்டலில் மலிவாகக் கிடைப்பது பண்ணை இறாலாகவும் இருக்கலாம். அந்தப் பணத்துக்கு இன்னொரு மீன் வாங்குவதே புத்திசாலித்தனம். நண்டு விஷயத்தில் அமாவாசையை ஒட்டிச் சதைப்பிடிப்பாக இருக்கும் என்று மீனவர்கள் சொல்வார்கள். ஆனால் தை அமாவாசைக்கு அக்னி தீர்த்தத்தில் நீராட நாடெங்கிலும் இருந்து மக்கள் வருவார்கள், அறையும் கிடைக்காது, சாலையும் நகராது. உங்கள் தேதி அதோடு மோதுகிறதா என்று இன்றே நாட்காட்டியைப் பாருங்கள். மோதினால், நண்டுக்காக அந்தக் கூட்டத்தில் சிக்க வேண்டாம், பயணத்தை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள்.

குழம்பின் நிறத்தைப் பார்த்துக் காரத்துக்கு அஞ்ச வேண்டாம். அந்த நிறம் இந்த மாவட்டத்தில் விளையும் குண்டு குண்டான முண்டு மிளகாய் தருவது. அந்த மிளகாய் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. வானம் பார்த்த கரிசல் காட்டில் விளைவது. தடித்த தோலும் தனி மணமும் உள்ளது. ஊர் திரும்பும்போது ராமநாதபுரத்தில் அரைக் கிலோ வாங்கிப் போங்கள், வீட்டில் இருப்பவர்கள் உங்களை வாழ்த்துவார்கள்.

சைவ நண்பரைப் பற்றிக் கவலையே வேண்டாம், ஒருவகையில் தீவில் அவருக்குத்தான் ராஜபோகம். கோயிலைச் சுற்றிய வீதிகளில் முழுக்க சைவ உணவகங்கள்தான். விடியற்காலையில் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டு ஈரத்தலையோடு வருகிறவர்களுக்காக இட்லியும் பொங்கலும் சுடச்சுடத் தயாராக இருக்கும். வட இந்திய யாத்ரீகர்கள் ஏராளமாக வருவதால் சப்பாத்தி, பருப்பு, குஜராத்தி முறைச் சாப்பாடு தருகிற இடங்களும் உண்டு. காலை உணவை ஏழு பேரும் அங்கேயே ஒன்றாகச் சாப்பிட்டுவிடுங்கள். அசைவத்தை அந்த வீதிகளில் தேடி அலைய வேண்டாம், சற்றுத் தள்ளிப் போனால் கிடைக்கும். தனுஷ்கோடிக்குப் போகும்போது அவருக்கு மட்டும் தயிர்சாதம், புளியோதரை என்று பொட்டலம் கட்டிக்கொள்ளுங்கள். அங்கே மீன் வறுத்த சட்டியிலேயே எல்லாம் நடக்கும். என் கும்பகோணத்து நண்பர் இப்படிப் பொட்டலத்தோடு வந்து, எங்களோடு அதே மேசையில் நிம்மதியாகச் சாப்பிட்டு, நொங்கு விற்ற பாட்டியிடம் இரண்டு சுற்று அதிகமாகவும் வாங்கிக்கொண்டார். அது கோடைக்காலம். தையில் நொங்கு எதிர்பார்க்காதீர்கள்.

பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வறுக்கும் முன்பே விலையைக் கேட்டு உறுதி செய்யுங்கள், மீனுக்குத் தனியா, சோறும் குழம்பும் சேர்த்தா என்றும் கேளுங்கள். பல நாள் ஐஸில் கிடந்த மீனை இன்று வந்தது என்று ஒரு கடையில் எங்களுக்குப் பரிமாறியதும் உண்டு. குழைந்து பொடிந்த சதை அதைக் காட்டிக்கொடுத்தது. ஆனால் விலை நியாயமாகத் தெரிந்தால் அதற்கு மேல் பத்துக்கும் இருபதுக்கும் பேரம் பேசாதீர்கள். கடல் நடுவில் ஒரு மணல் திட்டில், விறகும் அரிசியும் ராமேஸ்வரத்திலிருந்து கொண்டுவந்து சமைக்கிறார்கள். நல்ல குடிநீருக்கு மணலில் ஊற்றுத் தோண்டிப் பழகிய குடும்பங்கள் அவை. தண்ணீர்ப் புட்டிகளையும் தட்டுகளையும் திரும்ப எடுத்துக்கொண்டு வாருங்கள். அங்கே எறிவது காற்றடித்தால் கடலுக்குள்தான் போகும்.

யாராவது தனியாக அழைத்து ஆமைக்கறி, கடல்பசுக்கறி என்று ஆசை காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டும் பாதுகாக்கப்பட்ட உயிர்கள். கடல் அட்டையும் 2001 முதல் அந்தப் பட்டியலில் இருக்கிறது. வழக்கு, சிறை என்பதெல்லாம் இருக்கட்டும், கடல்பசு இந்தியாவில் எஞ்சியிருக்கும் மிகச் சில இடங்களில் எங்கள் கடலும் ஒன்று. விளையாட்டுக்காகக்கூட அதைச் சாப்பிட நினைக்காதீர்கள்.

தனுஷ்கோடியில் இரவு உணவு கிடையாது, பொழுது சாய்வதற்குள் வண்டிகள் திரும்பிவிட வேண்டும். சாப்பிட்ட கையோடு முனையில் கடலில் இறங்கவும் வேண்டாம், அங்கே நீரோட்டம் வலிது. இரவுக்குப் பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் பரோட்டாக் கடைகள் இருக்கின்றன. கணவாயைப் பொரித்துத் தரும் கடை ஒன்று கண்ணில் பட்டால் உட்கார்ந்துவிடுங்கள்.

ஊர் திரும்பும் நாளில் நேரமிருந்தால் ராமநாதபுரத்திலிருந்து தெற்கே கீழக்கரைக்குப் போய் வாருங்கள். இடியாப்ப பிரியாணி கிடைக்கிறதா என்று விசாரித்து மதியத்துக்குள் போனால் நல்லது. பிறகு தொதல் வாங்குங்கள். மாவும் தேங்காய்ப்பாலும் இனிப்பும் சேர்த்து மணிக்கணக்கில் கிண்டி எடுப்பது. சைவ நண்பரும் சாப்பிடலாம். கட்டியாக வெட்டித் தருவார்கள், பஸ் பயணத்தைத் தாங்கும்.

வரும் தேதியையும் கிழமையையும் கருத்தில் எழுதுங்கள். எந்த நாளில் தனுஷ்கோடியை வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.